கில்மோரின் கடைசி சோலோ: எந்த இரவில், எந்தக் கேசட்டில் மாட்டிக்கொண்டீர்கள்?

பக்கம் பி

ரொம்ப நாளாக எழுத நினைத்தது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996, திருச்சியில் விடுதி வாழ்க்கை. அதுவரை எனக்கு இசை என்றால் பேருந்தில் ஓடுவது, கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கரில் அலறுவது, டீக்கடையில் காதில் விழுவது. பிடிக்கும்தான். ஆனால் பாட்டுக்காக என்று உட்கார்ந்து கேட்டதில்லை. மாடியறை சீனியர் ஒருவரிடம் பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'பல்ஸ்' இரட்டை சிடி இருந்தது. துபாய் மாமா கொண்டுவந்தது. அதன் அட்டை ஓரத்தில் ஒரு குட்டி சிவப்பு விளக்கு, நாடித்துடிப்பு மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே பேட்டரி. பாட்டுக் கேட்க அந்த அறைக்கு வந்தவர்களைவிட விளக்கைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம்.

என்னிடம் சிடி ப்ளேயர் கிடையாது. 60 நிமிட வெற்றுக் கேசட் ஒன்றைக் கொடுத்து இரண்டாவது சிடியைப் பதிந்து தரச் சொன்னேன். அந்த சிடி அறுபது நிமிடத்தைத் தாண்டி ஓடும் என்று அவரும் பார்க்கவில்லை, எனக்கும் தெரியாது. 'டார்க் சைட் ஆஃப் த மூன்' முழுவதும் வந்துவிட்டது. 'விஷ் யூ வேர் ஹியர்' வந்தது. அப்புறம் 'கம்ஃபர்டப்ளி நம்'. ஒன்பதரை நிமிடப் பாட்டு. அதன் கடைசி சோலோ (கிட்டார் தனித்து வாசிக்கும் பகுதி) தொடங்கி ஒன்றரை, இரண்டு நிமிடம் இருக்கும். குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மோர் ஒரு தந்தியை இழுத்து மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்போது, டக். பக்கம் பி தீர்ந்தது. நாடா நின்றது, பொத்தான் தானாக மேலே வந்தது.

இரண்டு வருடம் எனக்கு அந்த சோலோ அந்த 'டக்'கில்தான் முடிந்தது. சீனியர் படிப்பு முடித்துப் போய்விட்டார், சிடியும் போய்விட்டது. இரவில் விளக்கணைத்த பிறகு கேசட்டைப் போட்டு, டக் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மீதியை நானே மனதுக்குள் வாசிப்பேன். ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு விதமாக. எனக்கு கிட்டாரும் தெரியாது, சுரமும் தெரியாது. ஆனாலும் 'இதற்குப் பிறகு இவர் எங்கே போவார்' என்ற கேள்வி விடவில்லை.

1998-இல் சென்னையில் ஒரு நண்பன் வீட்டில் முழுசாகக் கேட்டேன். நான் கட்டி வைத்திருந்த ஒன்றுகூடச் சரியில்லை. இனி வேகம் எடுப்பார் என்று நினைத்திருந்த இடத்தில் மனிதர் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கிறார். முடியப்போகிறது என்று நினைத்த இடத்தில் இன்னொரு சுற்று கிளம்புகிறார்.

அதே வருடம் எங்கள் ஊர்த் திருவிழா. சின்ன வயதிலிருந்து வருடா வருடம் காதில் விழுந்த நாகஸ்வரம்தான். ராத்திரி பதினொரு மணி, சாமி தெருமுனையில் நிற்கிறது, அவர் ஆலாபனை செய்கிறார். தோடி என்று பிறகு சொன்னார்கள். திடீரென்று கவனித்தேன்: இவர் எங்கே போவார் என்று நான் ஊகித்துக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் தப்பாக. அன்றைக்கு சாமி கோயிலுக்குள் போகும்வரை கூடவே நடந்தேன். இருபது வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்ததை அன்றுதான் கேட்டேன்.

சரி, என் கதை இது. உங்களுக்கு அந்த சோலோ எங்கே பிடித்தது? ஆல்பத்திலா, மேடைப் பதிவிலா, நேரிலேயே கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

லண்டன் மழை

அண்ணை, உங்கட டக் கதை அருமை. நான் நேரில் கேட்டவன். 1994 ஒக்ரோபர், ஏர்ள்ஸ் கோர்ட். 'பல்ஸ்' வீடியோ அதே மாதம் 20ஆம் திகதி அதே இடத்தில் படம்பிடித்தது. நான் போனது அதுக்குப் பிறகு ஒரு நாள்.

நான் போனது ரசிகனாக இல்லை. அப்ப எனக்கு இருபத்தி மூன்று வயது, பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஒரு ரிக்கற் மிஞ்சிப்போச்சு. 'வா, உனக்கு ஒண்டும் தெரியத் தேவையில்லை' என்றார். பாட்டு ஒன்றும் எனக்குத் தெரியாது. எங்கட பொடியங்கள் சிலபேர் கதைக்கக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதல் இரண்டு மணித்தியாலம் வெளிச்சத்தையும் வட்டத் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலி முன்னால் இருந்து மட்டும் இல்லை, பின்னாலும் பக்கத்திலும் ஸ்பீக்கர் வைத்திருந்தவை. பிறகு இந்தப் பாட்டு. கடைசி சோலோவில் மண்டபத்தின்ர நடுவில் இருந்து பெரிய கண்ணாடி உருண்டை ஒன்று மேலே போகுது. வெளிச்சம் அதில் பட்டு ஆயிரம் துண்டாக எல்லார் முகத்திலும் ஓடுது. பிறகு அந்த உருண்டை பூ மாதிரி விரிஞ்சு திறக்குது. எல்லாரும் அண்ணாந்து அதைத்தான் பார்க்கினம்.

நான் ஒரு கட்டத்தில் மேடையைப் பார்த்தேன். அந்த மனிசன் அசையவே இல்லை. காலை அகட்டி நின்றபடி, கிட்டாரைக் குனிந்து பார்த்துக்கொண்டு, ஏதோ உடைந்த சாமானைத் திருத்துகிற ஆள் மாதிரி நிற்கிறார். இவ்வளவு பெரிய சத்தம் அந்தக் கையில் இருந்துதான் வருகுது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அடுத்த கிழமைச் சம்பளத்தில் ஒரு வோக்மன் வாங்கினேன். அதுக்குப் பிறகு இன்றுவரை பாட்டு இல்லாத நாள் இல்லை. அந்த மாதம் 29ஆம் திகதி நடந்ததுதான் அவையள் குழுவாகச் செய்த கடைசி முழுக் கச்சேரி என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆறாவது தந்தி

இருபது வருடமாக கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது வந்து இந்த சோலோவைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: ஆல்பத்தில் இருக்கும் சோலோவை யாரும் ஒரே மூச்சில் வாசித்ததில்லை. கில்மோர் உட்பட.

1979-இல் இந்தப் பாட்டு வந்த 'த வால்' ஆல்பத்துக்காக அவர் ஐந்தாறு சோலோக்களைத் தனித்தனித் தடத்தில் பதிந்தார். பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு தடத்திலும் எந்தெந்த இடம் தேறும் என்று குறித்துக்கொண்டு, மிக்ஸரில் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கி, நல்ல இடங்களைக் கோத்து ஒன்றாக்கினார். அதை அவரே பேட்டியில் விளக்கியிருக்கிறார். உலகமே மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அந்த சோலோ ஒரு தொடுத்த மாலை. தப்பில்லை, அழகான மாலைதான். இன்னொன்று, ஆல்பத்தில் அது முடிவதே இல்லை. ஒலி மெல்லக் குறைந்து மறைந்துவிடும். மேடையில் அப்படி மறைய முடியாது, எப்படியாவது முடித்தாக வேண்டும். அதனால்தான் மேடையில் அது இரண்டு மடங்கு நீளத்துக்கு வளர்ந்தது என்று எனக்குத் தோன்றும்.

மேடையில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தொடக்கம் எல்லா இரவும் ஏறத்தாழ ஒன்றே. கீழே தொடங்கும் அந்த முதல் வாக்கியத்தை மாற்ற மாட்டார், மாற்றினால் கூட்டம் விடாது. ஒரு சுற்று போன பிறகு கயிறு அவிழும். பின்னால் பி மைனர், ஏ, ஜி, ஈ மைனர் என்று நாலே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சுற்றிக்கொண்டே இருக்கும். அது அவருக்குத் தரை மாதிரி. மேலே எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம்.

கருவி பற்றி கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் (செல்லமாக ஸ்ட்ராட்), ஒலியைக் கரகரப்பாக்கும் பிக் மஃப் பெடல், ஹைவாட் ஆம்ப், அதன்மேல் எதிரொலிக்கு டிலே. அவருடைய கறுப்பு ஸ்ட்ராட்டில், தந்திகளைத் தளர்த்தி இறுக்கிச் சுரத்தை அசைக்கும் ட்ரெமலோ கம்பியை வெட்டிக் குட்டையாக்கி வைத்திருந்தார். அதை உள்ளங்கையில் பிடித்தபடியே மீட்டுவார். அதனால்தான் நீண்ட சுரங்களின் வாலில் அந்த மெல்லிய நடுக்கம். இதையெல்லாம் வாங்கி வைத்தும் அந்த ஒலி வரவில்லை என்று வருத்தப்படும் மாணவர்கள் எனக்கு நிறைய. பாதி காரணம் இழுப்பு. ஒரு தந்தியை இழுத்து முழுச் சுரம், ஒன்றரைச் சுரம் மேலே ஏற்றி, போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் நிறுத்துவார். வேகமாக வாசிப்பவனின் தப்பு ஓடிப்போய்விடும். மெதுவாக வாசிப்பவனின் தப்பு அங்கேயே நின்று எல்லோரையும் பார்க்கும்.

முழு வேகம்

மன்னிக்கவும், யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும். ஐந்து சுரம். ஐந்தே சுரத்தை நாலு கார்டு மேலே வைத்து இழுத்துக்கொண்டே இருக்கிறார். புகையும் கண்ணாடி உருண்டையும் இல்லாமல் ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில் வாசித்திருந்தால் இத்தனை பேர் அழுதிருப்பார்களா?

மேடையில் சோலோ என்றால் எனக்கு டீப் பர்ப்பிள் குழுவின் கிட்டார்க்காரர் ரிச்சி பிளாக்மோர். 1972 ஆகஸ்ட், ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று நாள் பதிந்த 'மேட் இன் ஜப்பான்'. 'ஹைவே ஸ்டார்' கேளுங்கள். அதில் ஆபத்து இருக்கிறது. எந்த நிமிடமும் எல்லாம் கவிழ்ந்துவிடும் போல ஓடும். கில்மோரிடம் எனக்கு அந்தப் பயம் வந்ததே இல்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு கேட்கிற சோலோ.

ஆறாவது தந்தி

'மேட் இன் ஜப்பான்' எனக்கும் உயிர். ஆனால் உதாரணம் உங்கள் கட்சிக்கு எதிராகப் போகிறதே. 'ஹைவே ஸ்டார்' சோலோவை ஸ்டூடியோவுக்குப் போகும் முன்பே ஒவ்வொரு சுரமாகக் கட்டி வைத்திருந்ததாக பிளாக்மோரே சொல்லியிருக்கிறார், பழைய ஜெர்மன் இசைமேதை பாக் பாணிக் கார்டு வரிசையின் மேல். மேடையிலும் அதன் எலும்புக்கூடு அப்படியே நிற்கும். கவிழ்ந்துவிடும் போலத் தெரிவது அவருடைய கைத்திறன். கவிழாது என்று அவருக்குத் தெரியும்!

முழு வேகம்

சரி, அந்தப் பாட்டை விடுங்கள். அதே ஆல்பத்தில் மற்ற பாட்டுகளில் அவரும் பாடகர் இயன் கில்லனும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு போவது? அதைக் கட்டி வைக்க முடியாது. ஐந்து சுரம் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

குடமும் யாளியும்

ஐந்து சுரத்துக்கு நான் பதில் சொல்கிறேன். ராக் இசை எனக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான். நாற்பது வருடமாக வாசிப்பது வீணை. என் பேரன் இந்த இழையைக் காட்டினான்.

நீங்கள் ஐந்து சுரம் என்று சொல்வதைக் கேட்டுப் பார்த்தேன். 'பி'யை ஸட்ஜமாக வைத்தால் ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம். எங்கள் ஊர்க் கணக்கில் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள். நடுநடுவே ரிஷபத்தைத் தொடுகிறார், தைவதம் கார்டிலிருந்து வந்து நிற்கிறது, அப்போது நடபைரவியின் வாசனை அடிக்கிறது. ராகம் என்று நான் சொல்ல மாட்டேன். நடை வேறு, சுரத்தை அசைக்கும் கமகம் வேறு. ஆனால் சுத்த தன்யாசியை ஒரு மணி நேரம் பாடியவர்கள் இருக்கிறார்கள், யாரும் எழுந்துபோய் 'ஐந்தே சுரம்தானே' என்று சொல்லவில்லை.

நான் காது கொடுத்தது வேறொன்றுக்கு. வீணையில் ஒரே மெட்டில் (தந்திக்கு அடியில் பதித்த குறுக்குக் கட்டை) விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மீட்டிய ஒரு மீட்டிலேயே மூன்று நான்கு சுரங்களைப் பேசவைப்போம். இவரும் அதையேதான் செய்கிறார். எங்கே இழுத்து நிறுத்துகிறார், அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் பாவம் இருக்கிறது. சிலமுறை சுரத்துக்கு நேரே போகாமல் கொஞ்சம் கீழிருந்து தயங்கித் தயங்கி ஏறுகிறார். என் குரு அதற்காக என்னைப் பல மாதம் உட்காரவைத்திருக்கிறார்.

இது தற்செயல் என்றுகூட முழுக்கச் சொல்ல முடியாது, கிட்டார்க்காரர்கள் சிலர் தேடி வந்திருக்கிறார்கள். ஜான் மெக்லாஃப்ளின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு 'சக்தி' குழுவுக்காகச் செய்த கிட்டாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்து எடுத்துவிட்டார்கள், தந்தியை நன்றாக இழுக்க. உங்கள் பிளாக்மோர்கூட அப்படிக் குழித்த கிட்டார்தான் வாசிப்பார் என்று பேரன் சொல்கிறான்.

முழு வேகம்

ஐயா, பிளாக்மோரையும் உங்கள் பக்கம் இழுத்துவிட்டீர்கள். வாபஸ் வாங்கவில்லை, ஆனால் ஐந்து சுரம் என்று இனி சொல்லமாட்டேன்.

இரவு ரயில்

என் அனுபவம் கொஞ்சம் கோணலானது. நான் அந்த சோலோவை நேரில் கேட்டேன், ஆனால் வாசித்தது கில்மோர் இல்லை.

2002-இல் பிங்க் ஃபிளாய்டிலிருந்து பிரிந்துபோன ரோஜர் வாட்டர்ஸ் தன் குழுவோடு பெங்களூருக்கு வந்தார். சென்னையிலிருந்து நாலு பேர் பெங்களூர் மெயிலில் கிளம்பினோம், முன்பதிவு இல்லாமல், கழிவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. விடிய விடிய ஒரே விவாதம்: பாட்டின் சொற்கள் வாட்டர்ஸுடையவை, மெட்டு கில்மோருடையது, அப்படியானால் நாளை நாம் கேட்கப்போவது யாருடைய பாட்டு?

விஷயம் தெரியாதவர்களுக்கு: மெட்டின் விதை கில்மோர் 1978-இல் தன் முதல் தனி ஆல்பம் செய்தபோது பதிந்து வைத்த ஒரு டெமோவில் இருந்தது. சொற்களுக்கு விதை 1977 சுற்றுப்பயணத்தில் விழுந்தது. ஃபிலடெல்ஃபியாவில் வயிற்று வலியோடு கிடந்த வாட்டர்ஸுக்கு மருத்துவர் ஒரு ஊசி போட்டு மேடையேற்றினார், கை மரத்துப்போய் வாசித்தார். பதிவின்போதும் சண்டை. மைக்கேல் கேமன் அமைத்த ஆர்க்கெஸ்ட்ராவோடு மென்மையாக வேண்டும் என்று வாட்டர்ஸும் தயாரிப்பாளர் பாப் எஸ்ரினும், இன்னும் கரடுமுரடாக வேண்டும் என்று கில்மோரும். கடைசியில் சமரசம். பாட்டைக் கேட்டால் இரண்டு ஆட்கள் ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது தெரியும்.

பெங்களூரில் சோலோ வந்தது. ஸ்னோயி வொயிட்டும் செஸ்டர் கேமனும் மாறி மாறி வாசித்தார்கள். இருவரும் கெட்டிக்காரர்கள். அதிலும் ஸ்னோயி வொயிட் 1980-இல் 'த வால்' மேடைகளிலேயே துணைக் கிட்டார் வாசித்தவர், அந்நியர் இல்லை. மைதானமே கையை உயர்த்தியது, நானும்தான். அழகாக இருந்தது. ஆனால் திரும்பும் ரயிலில் என் நண்பன் ஒன்று சொன்னான்: 'ஒருத்தர் முடிக்கும்போது இன்னொருத்தர் தயாராக நிற்கிறார். அதனால் யாரும் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை.' பக்கம் பி சொன்ன அந்த 'எங்கே போவார்' அங்கே இல்லை. எங்கே போவார் என்று தெரியும், அடுத்தவரிடம் போவார்.

பக்கம் பி

உங்கள் நண்பரை இங்கே கூட்டி வாருங்கள். மூன்று பத்தியில் நான் தடவியதை மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டார்.

தனியாக மாட்டிக்கொள்வது என்றதும் பிங்க் ஃபிளாய்டின் 1980 'த வால்' ('சுவர்') மேடை நினைவுக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் பக்கத்தில் நாசோ, லண்டன், அடுத்த வருடம் டோர்ட்முண்ட், மறுபடி லண்டன் என்று மொத்தமே 31 கச்சேரிகள். கச்சேரி நடக்கும்போதே அட்டைச் செங்கல்களை அடுக்கி மேடைக்குக் குறுக்கே முப்பது நாற்பது அடிச் சுவர் எழுப்புவார்கள். இடைவேளைக்குள் குழு முழுவதும் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். இந்தப் பாட்டில் வாட்டர்ஸ் மட்டும் சுவருக்கு முன்னால் நின்று மருத்துவர் பேசுவதாக வரும் வரிகளைப் பாடுவார். அவர் மேல் இருந்த வெளிச்சம் அணையும். சுவரின் உச்சியில் பளீரென்று விளக்கு, அங்கே கில்மோர்.

கூட்டத்துக்குத் தெரிவது ஒரு நிழலுரு. உண்மையில் அவர் நின்றது ஹைட்ராலிக் தூக்கி ஒன்றில், அதன்மேல் வைத்த சக்கரப் பெட்டியின் மேல், பின்னால் ஒரு தொழிலாளி அது உருளாமல் பிடித்துக்கொண்டிருக்க. அந்தப் பதிவு 2000-இல்தான் ஆல்பமாக வந்தது. சோலோவில் ஒரு படபடப்பு இருக்கும், 1994-இன் நிதானம் இருக்காது. முழு வேகம் ஐயா, உங்களுக்கு ஆபத்துதானே வேண்டும்? இதைவிட என்ன வேண்டும்?

முழு வேகம்

சக்கரப் பெட்டி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன்.

புதுக்காது

வணக்கம் அண்ணா, அக்கா எல்லோருக்கும். வயது 19. நான் இந்த சோலோவை முப்பது விநாடித் துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன், கைப்பேசியில் மேலே தள்ளும்போது வரும், யாராவது பூனை வீடியோவுக்குப் போட்டிருப்பார்கள். முழுசாகக் கேட்க வேண்டும் என்றால் எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது? இத்தனை தேதி சொல்கிறீர்கள், தலை சுற்றுகிறது.

லண்டன் மழை

தம்பி, நான் ஒரு தரப்பு ஆள், அதனால் 1994 என்றுதான் சொல்லுவேன். ஆனால் ஒன்று கேட்டால் மனம் வேறு மாதிரி ஆகும்: 2005 யூலை 2, ஹைட் பார்க், லைவ் 8 எண்ட பெரிய கச்சேரி. இருபத்தி நாலு வருசம் ஒன்றாக மேடையேறாத பிங்க் ஃபிளாய்டின்ர நாலு பேரும் ஒன்றாக நின்றவை. கடைசிப் பாட்டு இதுதான். சோலோ அவ்வளவு நீளம் இல்லை. முடிஞ்சதும் நாலு பேரும் தோளில் கை போட்டுக் குனிஞ்சு வணங்கினவை. நான் அண்டைக்கு வீட்டில் ரீவியில் பார்த்தேன். மனிசி குசினிக்குள் இருந்து வந்து, 'என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ' என்று கேட்டா.

ஆறாவது தந்தி

எங்கே தொடங்குவது? நான் க்டான்ஸ்க் என்று சொல்வேன். 2006 ஆகஸ்ட் 26, போலந்தில் கப்பல் கட்டும் தளத்தில், சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்தின் ஆண்டுவிழாவை ஒட்டி கில்மோர் தன் பெயரில் நடத்திய கச்சேரி. பின்னால் பால்டிக் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவும் இருக்கும்.

காரணம் கில்மோர் இல்லை, பிங்க் ஃபிளாய்டில் அவரோடு இருந்த ரிச்சர்ட் ரைட். எல்லோரும் கிட்டாரையே கேட்கிறோம், கீழே ஆர்கனில் தரை போட்டுக்கொண்டிருப்பவரை மறந்துவிடுகிறோம். கில்மோர் எப்போது மூச்சு விடுவார் என்று ரைட்டுக்கு நாற்பது வருடப் பழக்கம். கிட்டார் நிற்கும் இடத்தில் ஆர்கன் ஒரு படி எழும், கிட்டார் கிளம்பினால் அடங்கும். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. அந்தப் பாட்டில் வாட்டர்ஸின் வரிகளையும் ரைட்தான் பாடுவார். 2008 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அந்தப் பதிவு ஆல்பமாக வந்ததும் அதே மாதம். அதற்குப் பிறகு கில்மோர் பலருடன் இதை வாசித்திருக்கிறார், நன்றாகவும் வாசித்திருக்கிறார், ஆனால் அந்தத் தரை மாறிவிட்டது. 2016 ஜூலையில் இத்தாலியின் பாம்பேயி ஆம்ஃபிதியேட்டர் பதிவு பார்க்க மிக அழகு. கி.பி. 79-இல் எரிமலை மூடிய பிறகு அங்கே உட்கார்ந்த முதல் பார்வையாளர்கள் அவர்கள்தான் என்றார்கள். எனக்கோ லேசர் வெளிச்சம் கண்ணைக் கூசியது.

ஒரு நிபந்தனை: முதல் தடவை முழுப் பாட்டையும் கேள். சோலோவுக்கு நேராகத் தாவாதே. முன்னால் வரும் அந்த நாலு நிமிடச் சோம்பல் இல்லாமல் சோலோ வேலை செய்யாது.

இரவு ரயில்

அந்தக் கறுப்பு ஸ்ட்ராட் கடைசியில் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லையே. 1970-இல் நியூயார்க்கில் கடையில் வாங்கியது. 2019 ஜூன் 20, கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது, அதுவரை எந்தக் கிட்டாரும் அந்த விலைக்கு ஏலம் போனதில்லை. அன்று விற்ற எல்லாக் கிட்டார்களின் பணத்தையும், இரண்டு கோடி டாலருக்கு மேல், பருவநிலைக்காக வழக்காடும் ஒரு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

ஆறாவது தந்தி

அதற்கு ஒரு அடிக்குறிப்பு: லண்டன் மழை அண்ணன் 1994-இல் கேட்டது அந்தக் கிட்டார் இல்லை. கறுப்பு அப்போது அமெரிக்காவில் ஒரு உணவகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு இருந்தது! ஏர்ள்ஸ் கோர்ட்டில் வாசித்தது சிவப்பு ஸ்ட்ராட், வேறு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் துண்டு). கிட்டாரில்தான் மாயம் இருக்கிறது என்று கடன் வாங்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்வேன். கேட்பதில்லை.

புதுக்காது

க்டான்ஸ்க் கேட்டேன். நேற்று இரவு, கோயம்பேட்டில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, இயர்போனில். நிபந்தனைப்படி முழுசாக.

உண்மையைச் சொல்லவா? முதல் தடவை சோலோவின் பாதியில் வாட்ஸ்அப் பார்த்துவிட்டேன். கை தானாகப் போகிறது. பேருந்தில் ஏறி மறுபடி போட்டேன், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு. பூனை வீடியோவில் வரும் துண்டு எது என்று தேடிக்கொண்டே இருந்தேன், அது வந்து போய்விட்டது, அதற்குப் பிறகும் அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த சோலோ முடிந்த இடத்தில் இன்னொன்று தொடங்கியது போல இருந்தது. பக்கம் பி அண்ணா சொன்ன டக் எனக்கும் இருந்திருக்கிறது, முப்பதாவது விநாடியில்.

ஆர்கனும் கேட்டது. தேடினால்தான் கேட்கிறது.

குடமும் யாளியும்

இரண்டு நாளாக ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். அந்த முதல் வாக்கியத்தை வீணையில் வாசித்துப் பார்க்கிறேன். பேரன் ஒவ்வொரு துண்டாக நிறுத்தி நிறுத்திப் போடுகிறான்.

இழுப்பு வந்துவிடுகிறது. அது எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். அவர் இழுத்து நிறுத்திய சுரம் நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது, கொஞ்சம் வளரக்கூடச் செய்கிறது. என் வீணையில் மீட்டிய நாதம் அதற்குள் தேய்ந்துபோகிறது. மறுபடி மீட்ட வேண்டியிருக்கிறது, மீட்டினால் அது வேறு வாக்கியம் ஆகிவிடுகிறது. நாங்கள் ஏன் கமகத்தால் இடத்தை நிரப்புகிறோம், இவரால் ஏன் சும்மா நிற்க முடிகிறது என்பதற்கு எனக்கு இப்போது ஒரு பதில் கிடைத்தது மாதிரி இருக்கிறது. நாகஸ்வரத்தில் மூச்சு இருக்கிறது, நிற்க முடியும். பக்கம் பி அவர்கள் கேசட்டிலிருந்து நேராக நாகஸ்வரத்துக்குப் போனதில் ஆச்சரியமில்லை. வீணைக்கு வந்திருந்தால் ஏமாந்திருப்பார்.

ஆறாவது தந்தி

ஐயா, அந்த நாதத்தை நிற்கவைப்பது பாதி அவர் கை, பாதி மின்சாரம். பிக் மஃப் ஒலியை நசுக்கிச் சமமாக்குகிறது, ஆம்ப் சத்தமாக இருந்தால் ஒலி திரும்பி வந்து தந்தியையே அதிரவைக்கும், அதனால் சுரம் தேயாது. உங்கள் வீணைக்கு ஒரு பிக்கப் ஒட்டி என் பெடலில் கொடுத்தால் என்ன ஆகும்? கேட்கவே கை அரிக்கிறது. நீங்கள் எந்த ஊர்?

குடமும் யாளியும்

தஞ்சாவூர். பேரன் 'சரி சொல்லு தாத்தா' என்று பின்னால் குதிக்கிறான். என் குரு இருந்திருந்தால் வீட்டுக்குள் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். பெடலைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு முதலில் காப்பி சாப்பிடுவோம்.

பக்கம் பி

பதிவு செய்து இங்கே போடுங்கள். தரம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கைப்பேசியில் இடம் போதுமா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.